கடைசித் தெருவுக்குத் தண்ணீர்: கை வால்வா, பி.ஆர்.வி.யா, மோட்டார் வால்வா, வி.எஃப்.டி.யா?

செட்டிநாட்டுப் பக்கம் எந்தப் பேரூராட்சியை எடுத்துக்கொண்டாலும் குடிநீர்ப் புகார் இரண்டு வகைதான். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குழாயைத் திறந்தால் குடத்தையே தள்ளிவிடுகிற வேகம். ஊர்க் கடைசியில் புஸ்ஸென்று காற்று. "அரை மணி நேரமாத் திறந்து வச்சிருக்கேன், கால் குடம் ரொம்பலை, மீட்டர் மட்டும் ஓடுது தம்பி" என்று ஒரு ஆச்சி சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. சாதாரண வீட்டு மீட்டரின் சக்கரம் காற்றடித்தாலும் சுற்றும்.

இதற்கு மருந்து என்று ஊருக்கு ஊர் கொட்டேஷன் வருகிறது. தலைப்பில் 'ஆட்டோமேட்டிக் பிரஷர் கன்ட்ரோல்' என்று இருக்கும். உள்ளே பார்த்தால் ஒன்றில் ஸ்பிரிங் வைத்த வால்வு (பி.ஆர்.வி.), இன்னொன்றில் மோட்டார் வைத்த வால்வும் பேனலும், வேறொன்றில் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் (வி.எஃப்.டி.). எல்லாம் ஒரே வேலைக்கான பொருள்கள் என்று எண்ணி விலைகளை வரிசையாக எழுதிவைத்துக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிற வழக்கம் இருக்கிறது. அவை செய்வது வெவ்வேறு வேலை. பிரஷர் கேஜும் பேனலும்தான் எனக்குப் பிழைப்பு. அதனால் நம் ஊர்களின் அமைப்புக்கு எது எங்கே உதவும், எது வீண் என்று எழுதிவைக்கிறேன். வார்டு உறுப்பினர்களும் குடியிருப்போர் சங்கத்தாரும் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை படித்துக்கொண்டால் நல்லது.

நம் ஊர்களின் கணக்கு

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர் எங்கே போனாலும் தெருக்கள் நூல் பிடித்தது மாதிரி நேராகப் போகும். ஒரே வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். தரை பெரும்பாலும் சமம், கடல் பக்கமாக மெல்லச் சரியும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஒரே ஊருக்குள் முப்பது நாற்பது மீட்டர் ஏற்ற இறக்கம் இங்கே கிடையாது. ஆகவே தெருக்குழாயில் இருக்கிற அழுத்தம் முழுக்க மேல்நிலைத் தொட்டியின் உயரம் தருவதுதான். 10 மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. 12 மீட்டர் கால்களில் நிற்கும் தொட்டி, நிறைந்திருந்தால் அடியில் 1.2 முதல் 1.5 கிலோ வரை கொடுக்கும். அதற்கு மேல் ஒரு பொட்டுக்கூட வராது.

மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.வின் 1999-ஆம் ஆண்டுக் கையேடு, தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டு இணைப்பில் குறைந்தது 7 மீட்டரும், மாடி வீட்டில் 12 மீட்டரும் அழுத்தம் மிஞ்ச வேண்டும் என்றது. 12 மீட்டர் தொட்டியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் 7 மீட்டர் காப்பாற்றுவதே பெரிய வேலை. எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு கணக்கில் பார்க்கலாம்.

110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், கடைசித் தெரு 1.5 கிலோமீட்டர் தூரம், நொடிக்கு 6 லிட்டர் ஓட்டம். ஓட்டம் முழுவதும் கடைசி வரை போகிறது என்று வைத்துக்கொண்டால் உராய்வில் மட்டும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5.5 மீட்டர் அழுத்தம் போய்விடும். 1.5 கிலோமீட்டருக்கு 8 மீட்டருக்கு மேல். கடைசியில் மிஞ்சுவது 4 மீட்டருக்கும் குறைவு. தண்ணீர் வரும், ஆனால் கையேடு கேட்ட 7 மீட்டரில் பாதி அளவுக்குத்தான். இதே குழாயில் ஓட்டம் 9 லிட்டராக ஏறினால் இழப்பு ஒன்றரை மடங்காவதில்லை, இரண்டு மடங்கைத் தாண்டும். கணக்குப்படி 17 மீட்டருக்கு மேல் இழக்க வேண்டும், இருப்பதோ 12. அப்படியானால் கடைசித் தெருவுக்கு ஒன்றுமே இல்லை. உண்மையில் வழியில் உள்ள வீடுகள் எடுத்துக்கொண்டே போவதால் இழப்பு இதைவிடக் குறையும், ஆனால் போக்கு இதுதான்: நடுவில் எங்கேயோ 3 லிட்டர் கூடுதலாக உறிஞ்சினால் கடைசியில் வறட்சி.

அந்த 3 லிட்டரை உறிஞ்சுவது யார்? ஒன்று, குழாயில் நேரடியாக மாட்டிய அரை எச்.பி. மோட்டார்கள். ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுக்கிறது என்றால், பன்னிரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் போட்டால் நொடிக்கு 6 லிட்டர், அதாவது மேலே சொன்ன குழாயின் மொத்த ஓட்டமும். இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு, கல்யாணத்துக்கோ படைப்புக்கோ திறக்கும். அன்று முற்றம் கழுவ, ஆக்கிப்போட, ஐந்நூறு பேர் கை கழுவ என்று தண்ணீர் வேண்டும். அந்த வீட்டில் பிற்காலத்தில் கட்டிய தரையடித் தொட்டி ஒன்று இருக்கும். சம்ப் என்பது தரைக்குக் கீழே திறந்த வாய். தெருவில் இருக்கிற எந்தக் குழாயைவிடவும் அதற்குள் தண்ணீர் எளிதாக விழும்.

நொடியா, நிமிடமா, நாளா?

கருவியைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் கேட்பது இதைத்தான்: குழாயில் வருகிற தடுமாற்றம் எவ்வளவு வேகமானது?

கரண்ட் போய் பம்ப் நின்றுவிடுவது நொடிக் கணக்கில் நடப்பது. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்த் தூண் திடீரென்று நின்றால் அழுத்த அலை ஒன்று குழாயில் ஓடும். ரஷ்யாவின் நிகோலாய் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898-ல் எழுதிவைத்த சூத்திரம் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது: அலையின் வேகத்தைத் தண்ணீரின் வேக மாற்றத்தால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் எத்தனை மீட்டர் அழுத்தம் ஏறும் என்று வரும். வார்ப்பிரும்புக் குழாயில் அலை நொடிக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஓடும். நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம் சட்டென்று நின்றால் 100 மீட்டருக்கு மேல், அதாவது 10 கிலோவுக்கு மேல், கூடுதல் அடி. பி.வி.சி.யில் அலை மெதுவாக, நொடிக்கு சுமார் 400 மீட்டர் என்று போவதால் அடி அதில் பாதிக்கும் குறைவு, ஆனால் பி.வி.சி.யின் தாங்கு திறனும் குறைவு, ஒட்டுகள் வேறு பசையில் நிற்கிறவை.

இரண்டு கிலோமீட்டர் இரும்புக் குழாயில் இந்த அலை போய்த் திரும்ப 4 நொடிகூட ஆகாது. மோட்டார் வால்வு ஒன்று முழுக்க மூடவே அரை நிமிடத்திலிருந்து சில நிமிடம் வரை எடுக்கும், அதுவும் கரண்ட் இருந்தால். போனதே கரண்ட்தான். ஆக, இந்த அடிக்கு மருந்து என்று யாராவது பி.எல்.சி. (வால்வு, மோட்டாரை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுக் கணினி) பேனல் விற்க வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். இங்கே வேலை செய்வது மூளை இல்லாத சாமான்கள்: தண்ணீர் திரும்புவதற்குள் மூடிக்கொள்ளும் நல்ல நான்-ரிட்டர்ன் வால்வு, மேட்டுப் புள்ளிகளில் ஏர் வால்வு, நீளமான பெரிய லைனில் ஓட்டம் நிற்கிற நொடியிலேயே மூடிக்கொள்ளும் ஜீரோ வெலாசிட்டி வால்வு அல்லது அடியை உள்வாங்கிக்கொள்ளும் காற்றுக் கலம். இவற்றைப் பற்றி ஒப்பிட எதுவும் இல்லை. பம்பிங் மெயின், அதாவது பம்ப் தண்ணீரைத் தள்ளுகிற பெரிய குழாய், இருந்தால் இவை இருந்தே ஆகவேண்டும்.

வீட்டு மோட்டார்கள் போடுவதும், ஒரு தெரு வால்வை மூடி இன்னொன்றைத் திறப்பதும் நிமிடக் கணக்கு. கல்யாணம், திருவிழா, சித்திரை வெயில் எல்லாம் நாள் கணக்கு, வாரக் கணக்கு. தானியங்கிக் கட்டுப்பாடு என்று சொல்லப்படுகிற எல்லாமே இந்த நடு வரிசைக்கு, அதாவது நிமிடக் கணக்குத் தடுமாற்றத்துக்கு உரியவை. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கை வால்வும் அதைத் திருகுகிற ஆளும்

இதை யாரும் ஒரு வழியாகவே மதிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிறது என்பதால் ஒப்பீட்டில் சேர்ப்பதும் இல்லை. நான் சேர்க்கிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் இருப்பது ஸ்லூஸ் வால்வு, உள்ளே ஒரு கதவு ஏறி இறங்கும் வகை. அது திறக்க, மூட என்று செய்தது, இடையில் நிறுத்திவைக்கச் செய்ததில்லை. பாதி மூடினால் பாதித் தண்ணீர் குறையும் என்று எல்லாரும் நினைக்கிறோம். நீளமான லைனில் முழுக்கத் திறந்த வால்வைப் பாதி மூடினாலும் ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாது. ஏனென்றால் இழப்பெல்லாம் குழாயின் நீளத்தில் இருக்கிறது, வால்வில் இல்லை. கடைசிக் கால் பங்கு மூடும்போதுதான் திடீரென்று பிடிக்கும். அந்த இடத்தில் வருஷக்கணக்கில் வைத்திருந்தால் கதவு அதிர்ந்து, உட்காரும் பரப்பு அரித்து, பிறகு முழுக்க மூடினாலும் ஒழுகும். தெருவை வெட்டி வேலை பார்க்க வேண்டிய நாளில்தான் அது தெரியவரும்.

நிறை என்னவென்றால், டேங்க் ஆபரேட்டருக்கு முன்கூட்டியே தெரியும். "நாளைக்கு மேலத்தெருவுல விசேஷம்ணே, காலையில சம்புக்கு விட்டுட்டு அப்புறம் இந்தப் பக்கம் திறக்கிறேன்" என்பது எந்த சென்சாருக்கும் வராத செய்தி. தடுமாற்றம் வருவதற்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்வதைக் கட்டுப்பாட்டுப் பொறியியலில் பெரிய வித்தையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நம் ஆள் அதை டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நாள் கணக்குத் தடுமாற்றத்துக்கு இவரை மிஞ்சிய கருவி இல்லை. ஒவ்வொரு வால்வுக்கும் எத்தனை சுற்று என்பதை ஒரு நோட்டில் எழுதி, கடைசித் தெருவில் ஒரு பிரஷர் கேஜ் வைத்துக் கொடுத்தால் இன்னும் நன்றாகச் செய்வார். அவர் லீவு போட்டால்தான் சிக்கல், அந்த நோட்டு அதற்கும் உதவும்.

பி.ஆர்.வி.: கரண்ட் கேட்காத வால்வு

அழுத்தம் குறைக்கும் வால்வு. மேலே ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ரப்பர் டயாபிரம், பக்கவாட்டில் விரல் தடிமனில் செப்புக் குழாய், அதில் ஒரு சின்ன பைலட் வால்வு, அதன் தலையில் ஸ்பிரிங்கை இறுக்கும் போல்ட். கீழ்ப்பக்க அழுத்தம் ஏறினால் பைலட் சற்று மூடும், கிண்ணத்துக்குள் தண்ணீர் சேரும், டயாபிரம் கீழே அழுந்தி வால்வு குறுகும். அழுத்தம் இறங்கினால் இதெல்லாம் தலைகீழ். பேட்டரி இல்லை, சிம் கார்டு இல்லை. கண்மாய்க் கலுங்கு எப்படி யாரும் நிற்காமலேயே நீர்மட்டத்தை ஓர் அளவோடு நிறுத்துகிறதோ, அந்தச் சாதி. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த கருவி இது.

பிடித்திருந்தும் சொல்கிறேன்: 12 மீட்டர் தொட்டி உள்ள சமதரை ஊருக்குள் இதைப் போடுவது பணத்தைக் குழியில் போட்டு மூடுவதுதான். குறைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? தொட்டியடியில் 12, கடைசியில் 7 வேண்டும். இடையில் உள்ள 5 மீட்டரும் உராய்வுக்கே போதவில்லை. முழுக்கத் திறந்திருந்தாலும் இந்த வால்வின் உடம்பு தன் பங்குக்குக் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும். தொட்டிப் பக்கத் தெருவில் பீறிடுகிறதே என்றால், அங்கே இருப்பதும் 1.2 கிலோதான். அது ஓட்டத்தைப் பங்கிடாத கோளாறு. அழுத்தத்தைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

இன்னொரு சிக்கல், நாம் தண்ணீர் விடும் முறை. நாளுக்கு ஒரு மணி, இரண்டு மணி விட்டு நிறுத்தினால் குழாய் காலியாகும். அடுத்த நாள் தண்ணீர் வரும்போது காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தக் காற்று டயாபிரம் கிண்ணத்துக்குள் மாட்டிக்கொண்டால் வால்வு இறுக்கமாக நிற்காமல் பொதபொதவென்று ஆடும். பிரஷர் கேஜின் முள் மேலும் கீழும் துடிக்கும். காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்துவிட்டால் சரியாகும், ஆனால் அதை நாள்தோறும் யார் செய்வது? காலியான குழாயில் மண்ணும் துருவும் கிளம்பி பைலட்டுக்கு முன்னால் உள்ள சல்லடையில் அடைக்கும். அது அடைத்தால் வால்வு தன் இஷ்டத்துக்கு நடக்கும்.

பி.ஆர்.வி.க்கு உரிய இடம் எது என்றால், நெடுந்தூரப் பெரிய லைனிலிருந்து கிளை பிரியும் இடம். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்துப் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கு வருகிற கூட்டுக் குடிநீர்த் திட்டம் மாதிரியான நீண்ட லைன்களில், பம்ப் தள்ளுகிற அழுத்தம் ஓர் ஊருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு இருக்கும் புள்ளிகள் உண்டு. அங்கே 40 மீட்டரை 20 ஆக்கினால் கீழே உள்ள குழாய்களின் ஆயுள் கூடும், கசிவு குறையும். எவ்வளவு குறையும் என்பது ஓட்டையைப் பொறுத்தது. இரும்புக் குழாயில் உள்ள உருண்டை ஓட்டை என்றால் அழுத்தம் பாதியானால் கசிவு 30 சதவீதம் அளவுக்குக் குறையும். பிளாஸ்டிக் குழாயில் நீளவாக்கில் விழுந்த விரிசல் அழுத்தத்தோடு சேர்ந்து வாய் திறக்கிற ஜாதி. அதில் 65 சதவீதம் வரைகூடக் குறையலாம். 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுகிற ஊரில் இந்தக் கணக்கு இரவெல்லாம் வேலை செய்யும். இரவு ஆள் தூங்கும்போது பயன்பாடு குறைந்து அழுத்தம் ஏறும், கசிவும் ஏறும். அதனால் ஓட்டத்தைப் பார்த்து இரவில் தானாக இன்னும் குறைத்துக்கொள்ளும் கன்ட்ரோலரையும் இதன் தலையில் மாட்டுவார்கள். 2021 ஜூலையில் ஒடிசாவின் பூரி நகரம் நாள் முழுக்கக் குழாயில் குடிக்கிற தண்ணீர் என்று அறிவித்தது. அந்த மாதிரி ஊருக்கு இது சரி. நம் ஊரில் இரவு ஓட்டமே இல்லை, குறைக்க என்ன இருக்கிறது?

வாங்குவதாக இருந்தால் ஒரு வார்த்தை. குழாய் 200 மில்லிமீட்டர் என்பதற்காக வால்வையும் 200-ல் வாங்க வேண்டாம். தேவைக்குப் பெரிதான வால்வு எப்போதும் மூடும் நிலைக்கு ஒட்டியே நிற்கும். அங்கே மயிரிழை அசைந்தாலும் ஓட்டம் பாதி மாறும், அதைச் சரிசெய்ய மறுபடி அசையும், முடிவில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே லைனில் இரண்டு வால்வுகள் அடுத்தடுத்து இருந்து இரண்டும் ஒரே வேகத்தில் திருத்தினால் ஒன்று செய்வதை மற்றது கெடுக்கும். ஒன்றை மற்றதைவிடப் பல மடங்கு நிதானமாக்கி வைக்க வேண்டும். செப்புக் குழாயில் உள்ள ஊசி வால்வு அதற்குத்தான் இருக்கிறது.

ஓட்டத்தை மட்டுப்படுத்தும் சில்லு

இது கொட்டேஷனில் வராது, ஏனென்றால் விற்பவருக்கு லாபமில்லை. வீட்டு இணைப்பில், ஃபெருலுக்கு (தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் முனை) அடுத்து, நடுவில் துளையிட்ட ஒரு சின்னச் சில்லு. அல்லது அழுத்தம் கூடக்கூட ரப்பர் வளையம் நசுங்கித் துளையைக் குறுக்கிக்கொள்ளும் வகை. ரப்பர் வகையில் பெரும்பாலானவை சரியாக நிற்க ஒரு கிலோ அளவுக்கு அழுத்த வித்தியாசம் கேட்கும். தொட்டிப் பக்கத் தெருவில் அது கிடைக்கும். கடைசித் தெருவில் கிடைக்காது, அங்கே தேவையும் இல்லை.

வெறும் துளைச் சில்லு என்றால் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 12 மீட்டர் உள்ள வீட்டுக்கும் 3 மீட்டர் உள்ள வீட்டுக்கும் ஓட்டத்தில் வித்தியாசம் இரண்டு மடங்குக்குள் அடங்கிவிடும். முன்பக்கத் தெருக்களுக்குச் சிறிய துளை, பின்தெருக்களுக்குப் பெரிய துளை என்று போட்டால் அந்த இரண்டு மடங்கும் சரியாகிவிடும். பெரிய வீட்டு சம்புக்குள் ஒரு மிதவை வால்வும் இணைப்பில் ஒரு சில்லும் போட்டால் விசேஷ நாளில் தெரு வறளாது. சம்ப் ஒரு மணிக்குப் பதில் மூன்று மணியில் நிறையும், அவ்வளவுதான். மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவரிடம்கூடச் சில்லு ஓரளவு எடுபடும். முழுக்க எடுபடாது, அதற்கு நகராட்சிச் சட்டமும் இணைப்பைத் துண்டிக்கிற தைரியமும் வேண்டும். அதைப் பற்றி நான் பேசி என்ன ஆகப்போகிறது.

செலவைப் பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே இதுதான் மிகக் குறைவு. பகை என்று பார்த்தால் இதுதான் மிக அதிகம். முன்தெருக்காரர் வீட்டுத் தண்ணீரைக் குறைத்தது யார் என்று கேட்பார். தெருவுக்கு ஒரு கூட்டம் போட்டு, எல்லா இணைப்பிலும் ஒரே வாரத்தில் போட்டால் ஒழிய நிலைக்காது.

மோட்டார் வால்வும் பி.எல்.சி.யும்

ஒரே ஒரு தொட்டி உள்ள ஊருக்கு இது அதிகப்படி. பல தொட்டிகள் உள்ள ஊருக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். 2024-ல் மாநகராட்சியான காரைக்குடி, அல்லது தேவகோட்டை மாதிரி, பல மேல்நிலைத் தொட்டிகளை ஒரே பெரிய லைனிலிருந்து நிரப்ப வேண்டிய ஊர்களில் சண்டையே தொட்டிகளுக்குள்தான். லைனின் தலையில் உள்ள தொட்டி நிறைந்து வழியும், வாலில் உள்ளது பாதியில் நிற்கும். ஒவ்வொரு தொட்டியின் நுழைவிலும் ஒரு மின்காந்த ஓட்டமானி, ஒரு மோட்டார் வால்வு, ஒரு சின்ன பி.எல்.சி. இருந்தால், இந்தத் தொட்டிக்கு மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று பிடித்து நிறுத்தலாம். தொட்டி நிறைந்தால் மெதுவாக மூடலாம். மெதுவாக என்பது முக்கியம்: பந்து மிதவை படக்கென்று மூடினால் மேலே சொன்ன நொடிக் கணக்கு அடியை நாமே உண்டாக்கியது ஆகும்.

இதில் விற்பவர்கள் மேலே ஒரு மாடி கட்டுவார்கள். கடைசித் தெருவில் பிரஷர் சென்சார் வைத்து, சிம் கார்டு வழியாக அளவை வாங்கி, அதைப் பார்த்து வால்வை நொடிக்கு நொடி திருத்துவதாக. படத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில், வால்வு அசைந்ததன் பலன் கடைசித் தெருவில் தெரிய நேரமாகும். செய்தி திரும்பி வர இன்னும் நேரமாகும். சிக்னல் போனால் பழைய அளவையே புது அளவு என்று நம்பிக்கொண்டு பி.எல்.சி. திருத்தும். இப்படிப்பட்ட தாமதத்தோடு வேகமாகத் திருத்த முயன்றால் குழாய் வலை முழுக்க ஊஞ்சலாடும். சரியான ஏற்பாடு இரண்டு அடுக்கு. வால்வுக்குப் பக்கத்திலேயே உள்ள ஓட்டமானியைப் பார்த்து அந்த இடத்து பி.எல்.சி. வேகமாகத் திருத்தட்டும். கடைசித் தெருவின் அழுத்தம் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து, இலக்கை மட்டும் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்யட்டும். சிக்னல் போனால் கடைசியாக இருந்த இலக்கிலேயே உள்ளூரில் ஓடட்டும். இதை எழுத்தில் வாங்காமல் இந்த மாடிக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. வால்வுக் குழி நிறையும். வால்வைத் திருகும் மோட்டார் பெட்டியான ஆக்சுவேட்டர் தண்ணீருக்குள் மூழ்கினாலும் தாங்குகிற ஐ.பி. 68 தரமா என்று கேட்காமல் வாங்கிய இடங்களில் முதல் மழைக்காலத்தோடு மோட்டார் போய், கைப்பிடியால் திருகிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் கை வால்வுதான், விலைதான் வேறு.

வி.எஃப்.டி.: பம்பையே கட்டுப்படுத்துவது

பம்பின் சுழல் வேகத்தை மாற்றி, வெளியேறும் அழுத்தத்தை ஒரே அளவில் பிடிப்பது. குழாயில் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர், அது கொடுக்கும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் சிக்னல், அந்த அளவை இலக்கோடு ஒப்பிட்டு வேகத்தைத் திருத்த டிரைவுக்குள்ளேயே இருக்கும் பி.ஐ.டி. கணக்கு. வீடுகள் குழாயைத் திறந்தால் பம்ப் வேகமெடுக்கும், மூடினால் தணியும். நிமிடக் கணக்குத் தடுமாற்றத்தை இதைப்போல அழகாக விழுங்குகிற கருவி வேறில்லை. மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்பதால் தினசரி ஆன்-ஆஃப் அடியும் போய்விடும். கரண்ட் போகும்போது வரும் அடி மட்டும் அப்படியே இருக்கும். அதற்கு டிரைவ் ஒன்றும் செய்யாது.

மின்சார மிச்சம் பற்றித்தான் அதிகம் அளப்பார்கள். வேகத்தை 80 சதவீதம் ஆக்கினால் மின்சாரம் பாதியாகும் என்று கொட்டேஷனில் இருக்கும். சூத்திரம் சரி: வேகம் 0.8 என்றால் ஓட்டம் 0.8, அழுத்தம் 0.64, மின்சாரம் 0.51. ஆனால் அது தண்ணீரைத் தூக்க வேண்டாத, உராய்வை மட்டும் வெல்ல வேண்டிய லைனுக்கு. அதிகபட்சம் 20 மீட்டர் தருகிற பம்பில் 15 மீட்டர் வெறும் உயரத்துக்கே போகிறது என்றால், வேகம் 87 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஒரு சொட்டு மேலே ஏறாது. பம்ப் சும்மா சுற்றிச் சூடாகும். தரையடித் தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிற பம்புக்கு வி.எஃப்.டி. போட்டு மிச்சம் பார்க்கலாம் என்பது பெரும்பாலும் நடக்காத கணக்கு. அந்த வேலைக்கு மோட்டாரை மெதுவாகக் கிளப்புகிற ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போதும்.

மேல்நிலைத் தொட்டியே வேண்டாம், சம்பிலிருந்து நேராகத் தெருக்குழாயில் வி.எஃப்.டி. பம்பால் தள்ளலாம் என்ற யோசனைக்கு நான் நேர் எதிர். தொட்டி நிறைந்திருந்தால் கரண்ட் போனாலும் தண்ணீர் வரும். நேரடிப் பம்பிங்கில் கரண்ட் போன அந்த நொடியில் ஊர் முழுக்க வறண்டு, குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, சாக்கடைப் பக்கம் உள்ள விரிசல் வழியாக என்னென்னவோ உள்ளே போகும். இடி மின்னல், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், பேனலுக்குள் புகுந்து ஷார்ட் ஆக்கும் பல்லி என்று டிரைவுக்கு எதிரிகள் நிறைய. பல்லியைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை, கேபிள் நுழையும் துளைகளை அடைக்காத பேனலில் அது சாதாரணமாக நடப்பது. புது மனைப்பிரிவு, அடுக்குமாடி, விடுதி மாதிரி தனி சம்பும் ஜெனரேட்டரும் உள்ள இடங்களுக்கு வி.எஃப்.டி. தாராளமாகப் போடலாம். கானாடுகாத்தானைச் சுற்றி அரண்மனை வீடுகளை விடுதியாக்கியவர்களுக்குப் பழைய வீட்டின் மேல் சின்டெக்ஸ் தொட்டி ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். ஓட்டுக்கூரையும் தேக்குச் சட்டமும் அந்தப் பாரத்துக்குக் கட்டியவை இல்லை.

எந்த ஊருக்கு எது

ஒரு தொட்டி, இரண்டு தொட்டி உள்ள பேரூராட்சி அல்லது ஊராட்சி என்றால், என் தேர்வு: பம்பிங் மெயினில் நல்ல நான்-ரிட்டர்ன் வால்வும் ஏர் வால்வுகளும், தெருக்களை நான்கைந்து பகுதியாகப் பிரிக்கும் வால்வுகள், முன்தெரு இணைப்புகளிலும் எல்லா சம்புகளிலும் ஓட்டச் சில்லு, கடைசித் தெருவில் பதிவு செய்யும் பிரஷர் கேஜ். ஆட்டோமேட்டிக் என்று சொல்லிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. கவுன்சில் கூட்டத்தில் திறப்பு விழாவுக்கும் வழியில்லை. ஆனாலும் இதை முடிக்காமல் மற்ற எதையும் வாங்கக் கூடாது என்பேன்.

பல தொட்டி உள்ள நகரத்துக்கு, தொட்டி நுழைவுகளில் மோட்டார் வால்வும் ஓட்டமானியும். தெருக்களுக்குள் இப்போதைக்கு வேண்டாம். கூட்டுக் குடிநீர்க் கிளையில் 30 மீட்டருக்கு மேல் அழுத்தம் நிற்பதாக கேஜ் காட்டினால் அந்த இடத்தில் பி.ஆர்.வி. நாளை 24 மணி நேரத் தண்ணீர் என்று திட்டம் வந்தால் தெருப் பகுதிகளுக்கான பி.ஆர்.வி. பற்றியும் அப்போது பேசலாம், தொட்டியின் உயரமும் அப்போது மாறியிருக்கும்.

எதை வாங்கினாலும் முன்னதாக ஒரு காரியம். தொட்டியடி, நடுத்தெரு, கடைசித் தெரு என்று மூன்று இடத்தில் இரண்டு வாரம் நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தைப் பதிவு செய்யும் லாகர் வையுங்கள், அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு முகூர்த்த நாளாவது வரும்படி பார்த்துக்கொண்டு. லாகரை வாடகைக்கும் கொடுக்கிறார்கள். அந்தக் கோட்டுப் படத்தைக் கொட்டேஷன் கொண்டுவருபவர் முன்னால் வைத்து, உங்கள் கருவி இதில் எந்த மேடு பள்ளத்தைச் சரிசெய்யும் என்று பென்சிலால் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் உதிரி டயாபிரம், பைலட் சல்லடை, கையால் இயக்கும் வசதி, மழைக்காலத்தில் ஒரு தடவை பராமரிப்பு, டேங்க் ஆபரேட்டருக்குத் தமிழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஆகிய ஐந்தும் விலையோடு சேர்ந்து இருக்க வேண்டும்.